பால் என்று பெயர் உள்ளவை

துணியை வெயிலில் பிரித்துப் பார்க்கிறேன்.
மஞ்சளுக்குள் ஒரு சிவப்பு நூல்.
நேற்றைவிட மெலிந்திருக்கிறது,
அல்லது அப்படிப் பார்க்க
என் கண் பழகிவிட்டது.

ராமநாதபுரத்து டாக்டர்
சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்:
பால், தயிர், மோர், நெய், பன்னீர்.
தனியாக ஒரு கோடு இழுத்து, சோயா.
"தாய்ப்பாலை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா."
பஸ் உச்சிப்புளி தாண்டும்வரை
சீட்டை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தேன்.
நிறுத்த வேண்டியது நான்.
நிறுத்தக் கூடாததும் நான்.

ரயில்வே மாற்றலில் பாம்பன் வந்தவர்கள் நாங்கள்.
இந்தத் தெருவில் மீன் கழுவாத தொட்டி எங்களுடையது ஒன்றுதான்.
பிறந்தவளுக்குக் கயல் என்று பெயர் வைத்தோம்.
"எங்க வம்சத்துல நுழைஞ்ச முதல் மீன்" என்று
அவள் அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.
இரண்டாம் மாதம்
கன்னம் செதில் செதிலாக உரியத் தொடங்கியது.
அதன்பின் அவர் அதைச் சொல்வதில்லை.

பாலூட்டுகிறவளின் பசிக்கு நேரம் கிடையாது, மானமும் கிடையாது.
இரவு இரண்டு மணிக்கு
பிஸ்கட் பாக்கெட்டின் முதுகைப் படிக்கிறேன்.
எறும்பெழுத்தில்
பால் திடப்பொருள், சோயா லெசித்தின்.
கிளிப் போட்டு மூடி வைக்கிறேன்.
கச்சான் காற்று ஜன்னலில் மணலை அறைகிறது.
மீல்மேக்கர் டப்பா பரணில்.
கோயிலில் தொன்னைப் பொங்கலுக்கு நீட்டிய கையை
நெய் மணத்ததும் மடக்கிக்கொண்டேன்.
அர்ச்சகர் நிமிர்ந்து பார்த்தார்.
மாமியார் போனில்:
"ஒரு சொட்டு நெய்யில என்ன வந்துரும்?"
என்ன வரும் என்பது
என் துணிக்கொடியில் தொங்குகிறது அத்தை.

பின்வீட்டு முனீஸ்வரி
தூக்குவாளியில் புட்டு கொண்டுவந்தாள்.
"பால் சுறா. பச்சப் புள்ளக்காரிக்கு
இத விட்டா மருந்து ஏது? தின்னா ஊறும்."
பால் என்று பெயர் உள்ளவற்றில்
டாக்டர் விலக்காதது இது ஒன்று.
அதற்குப் பல் இருந்தது.
"எங்க வீட்ல இல்லைக்கா" என்றேன்.
அவள் கோபித்துக்கொள்ளவில்லை.
வாளியை இடுப்பில் வைத்தபடி,
"அப்ப என்னதான் திங்கிற?"
விரல் மடக்கினேன்.
முருங்கைக்கீரை, எள்ளுருண்டை,
மோர் ஊற்றாத கேழ்வரகுக் கூழ்,
வேர்க்கடலை, பனங்கிழங்கு,
துவரம்பருப்பு, மறுபடியும் முருங்கைக்கீரை.
எட்டாவது விரலில் அழுதுவிட்டேன்.

ஐந்தாம் நாள் தீவுப் பக்கம் மூழ்கிவிட்டு
நேராக இங்கேயே வந்தாள்.
பாறை கிழிக்காமலிருக்க
விரல்களில் சுற்றிய கந்தல் இன்னும் ஈரம்.
முந்தானையில் ஒரு முடிச்சு.
"மீனில்லத்தா. கஞ்சிப்பாசி.
இதுக்குக் கண்ணு கெடையாது,
ரத்தம் கெடையாது. பயப்படாதே."

ஒன்பது தண்ணீரில் அலசினாள்.
என் அடுப்பில், என் பாத்திரத்தில்,
வாளிக்கரண்டியைத் தொடாமல்
(நான் சொல்லாமலே)
கொழகொழவென்று கரையும்வரை காய்ச்சினாள்.
கருப்பட்டி தட்டிப் போட்டாள்.
கடைசியில் தேங்காய்ப்பால்.
பால் என்று அவள் சொன்னதும் என் கை பதறியது.
"மரத்துப் பாலுத்தா, மாட்டுப் பாலில்ல."

குடித்தேன்.
முதலில் இனிப்பு. அதன் அடியில் கடல்,
இரும்பு போல, மழை போல.
தேவர்கள் கடைந்தது பாற்கடலாம்.
நல்லவேளை,
பாம்பனில் இருப்பது உப்புக்கடல்.
இரண்டாவது டம்ளர் கேட்க வெட்கமாக இருந்தது.
கேட்டேன்.

எந்தப் புதுச் சாப்பாட்டுக்கும்
மூன்று நாள் கழித்துத்தான் தீர்ப்பு.
அன்றிரவு கயல் பாதியில் நிறுத்தி,
முகத்தைச் சுளித்து,
என்னை யாரோ போல் பார்த்தாள்.
பிறகு பற்றிக்கொண்டாள்.
அந்தச் சுளிப்புக்கு என்ன அர்த்தம் என்று
விடியும்வரை கிடந்தேன்.

நான்காம் நாள் காலை
துணியோடு கொல்லைக்கு வருகிறேன்.
மதிலுக்கு அந்தப் பக்கம்
கருவாடு பரத்திக்கொண்டிருந்தவள்
குதிகாலில் எம்பிக் கேட்கிறாள்:
"என்னத்தா, இன்னிக்கு என்ன நெறம்?"

மஞ்சள் என்று சொல்ல வாய் திறக்கிறேன்.
இன்னும் பிரிக்கவில்லை.